கூடாரத்துக்குள்ள செடி வாடுதா, நாத்து சாகுதா? மருந்துக் கடைக்குப் போறதுக்கு முன்ன இத பாருங்க

எங்க லயத்துக்கு பின்னுக்கு இருக்கிற துண்டுல 10 அடிக்கு 20 அடியில பொலித்தீன் கூடாரம் ஒன்னு போட்டு ஆறு வருசமா தக்காளி, கறிமிளகா, சலாது, கோவா நாத்துன்னு செஞ்சிக்கிட்டு வாறேன். தலவாக்கலை பக்கம், 1200 மீட்டர் உயரத்துக்கு கிட்ட. கூடாரம் போட்ட யாரு வந்தாலும் மொதல்ல கேக்குறது "என்ன மருந்து அடிக்கிறது?"ன்னுதான். அந்தக் கேள்விய கேட்டாலே எனக்கு மனசு பதறும், ஏன்னா நான் பாத்த கூடாரங்கள்ல செடி செத்ததுக்கு காரணம் அநேகமா தண்ணியும் காத்தும்தான், மருந்து அடிச்சி அது திருந்தாது, காசு போறதுதான் மிச்சம், புள்ளைங்க சாப்பிடுற மரக்கறியில விசமும் சேரும்.

அதனால மொத வேல இது. ஒரே நாள்ல மூனு தடவ கூடாரத்துக்குள்ள போங்க, காலைல 6 மணிக்கு, பகல் 12 மணிக்கு மேல, பொழுது சாயிற நேரத்துல. ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிசம் சும்மா நில்லுங்க. காலைல தலையில தண்ணி சொட்டுதா, பகல்ல மூச்சு முட்டுதா, சாயந்திரம் மண்ண கையில புடிச்சா இன்னும் சொதசொதன்னு இருக்கா. சின்ன வெப்பமானி ஒன்னு வாங்கி செடி உயரத்துக்கு, வெயில் நேரா படாம தொங்க விடுங்க. எந்த நேரத்துல கோளாறு தெரியுதுங்கிறதுலயே பாதி பதில் இருக்கு.

இன்னொன்னு, எங்க பக்கம் மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழையும் மூடுபனியும், வெலிமடை, பண்டாரவளை, பதுளை பக்கம் அந்த நேரம் கச்சான் காத்து அடிச்சி காயும், அங்க பெரிய மழை ஒக்டோபருக்கு அப்புறம் வரும். ஊவா பக்கத்து ஆளுங்க நான் சொல்ற மாசத்த மாத்தி எடுத்துக்கோங்க.

விதை போட்டு ரெண்டு கெழமயாச்சு, ஒன்னும் வெளிய வரல

ரெண்டு விதைய கிளறி எடுத்து விரல்ல நசுக்கி பாருங்க. கெட்டியா முழுசா இருந்தா விதை செத்துப் போகல, குளிருக்கு தூங்குது. தக்காளி 20, 25 டிகிரில ஒரு வாரத்துல முளைக்கும், 15 டிகிரின்னா ரெண்டு வாரம் போகும், கறிமிளகாய்க்கு அதே குளிர்ல மூனு வாரத்துக்கு மேலயும் போகும். ட்ரேய கூடாரத்துல வைக்காம வீட்டுல அடுப்புக்கு மேல இருக்கிற பரண் ஓரமா வச்சி, மேல ஈரச் சாக்கு ஒன்னு போட்டு விடுங்க, மொத முளை தலை காட்டுன அன்னிக்கே வெளிச்சத்துக்கு கொண்டு வந்திரணும், ஒரு நாள் தாமதிச்சாலும் கழுத்து நீண்டு போகும். நசுக்கும்போது கொழகொழன்னு வந்தா தண்ணி அதிகம். விதையே இல்லன்னா எறும்பு இல்லாட்டி எலி.

சலாது மட்டும் இதுக்கு நேர் எதிரு. அதுக்கு வெக்கை ஆகாது, 28 டிகிரிக்கு மேல போனா முளைக்காம படுத்துக்கிரும், மண்ணுக்குள்ள ஆழமா பொதைச்சாலும் வராது. மேல தூவி லேசா அழுத்தி விட்டு நிழலான எடத்துல வைங்க. கரட்ட ட்ரேயில போட்டு பிடுங்கி நடாதீங்க, வேர் ரெண்டா மூனா பிரிஞ்சிரும்.

நாத்து நெடுநெடுன்னு வளந்து சாயுது

வெளிச்சம் போதல, வேற ஒன்னுமில்ல. ஜூன், ஜூலையில மூடுபனி நாள் கணக்கா நிக்கும்போது பொலித்தீன்ல பச்சப் பாசி வேற புடிச்சிருந்தா உள்ள இருட்டுதான். சவர்க்காரத் தண்ணியில மெதுவான துணிய நனைச்சி வெளிப்பக்கத்த தொடைங்க, நிழல் வலை போட்டிருந்தா அந்த மாசங்கள்ல கழட்டிருங்க, ட்ரேய மேசை மேல தூக்கி வைங்க. உரம் போட்டா சரியாகும்னு யூரியா தண்ணி ஊத்துறவங்க இருக்காங்க, அப்படி செஞ்சா இன்னும் நீண்டு தண்டு மெலிஞ்சி போகும். நடுறதுக்கு ஒரு வாரம், பத்து நாளைக்கு முன்ன இருந்து பகல்ல ட்ரேய வெளிய வச்சி வச்சி எடுத்தா தண்டு வைரம் பாயும்.

முளைச்ச நாத்து அடியில நூல் மாதிரி மெலிஞ்சி படுத்திருச்சி

இதுதான் எங்க மலையில நாத்து போடுறவங்கள அழ வைக்கிற நோய். நேத்து சாயந்திரம் நல்லா நின்னது, காலைல பாத்தா வட்டமா ஒரு திட்டு படுத்திருக்கும், மண்ணோட ஒட்டுன எடத்துல தண்டு தண்ணி கோத்து நூலாயிருக்கும். பித்தியம், ரைசொக்டோனியா மாதிரி மண்ணுல இருக்கிற பூஞ்சண வகைங்க செய்ற வேல இது, ஆனா அதுங்களுக்கு வழி தொறந்து விடுறது நம்ம தண்ணிதான்.

ஒடனே செய்ய வேண்டியது: படுத்த நாத்தையும் அத சுத்தி ஒரு இஞ்சு தூரத்துல நிக்கிற நல்ல நாத்தையும் மண்ணோட சேத்து அள்ளி கூடாரத்துக்கு வெளிய தூரமா போடுங்க, பாவம் பாக்காதீங்க. தண்ணிய நிப்பாட்டுங்க. ரெண்டு பக்கத்தையும் சுருட்டி காத்து விடுங்க. மேல காஞ்ச மணல் மெல்லிசா தூவுனா மேல்மண் சீக்கிரமா காயும். இதுக்கப்புறமும் பரவுனா அந்த ட்ரேய விட்டுட்டு புதுசா போடுறது நல்லது, ஏன்னா தப்பிச்ச நாத்தும் வேர்ல புண்ணோடதான் போய் நிக்கும்.

அடுத்த தடவைக்கு, தேயிலை மல மண்ணையோ உருளக்கெழங்கு போட்ட மண்ணையோ ட்ரேயில நிரப்பாதீங்க. தும்புத்தூளும் நல்லா மக்குன கூட்டெருவும் போதும். தும்புத்தூள வாங்குன கையோட போடக் கூடாது, அதுல உப்பு இருக்கும், வாளியில ஊற வச்சி புழிஞ்சா தண்ணி சாயத்தண்ணி கலர்ல வரும், அது தெளியிற வரைக்கும் மூனு நாலு தடவ கழுவணும். பழைய ட்ரேய வெளுக்கிற குளோரின் ஒரு பங்கு, தண்ணி ஒம்பது பங்குல அரை மணித்தியாலம் ஊறப் போட்டு கழுவுங்க. நாத்து மேடை போடுறவங்க வைக்கோலும் உமியும் மாத்தி மாத்தி பரப்பி எரிச்சிட்டு போடுங்க, நம்ம குளிருக்கு வெயில்ல மண்ண சூடாக்குறது சரிவராது, எரிக்கிறதுதான் சரி. எரிக்கிறத கூடாரத்துக்கு வெளிய செய்யணும்னு சொல்லத் தேவையில்ல.

தண்ணி எங்க இருந்து வருதுங்கிறதும் முக்கியம். பீலித் தண்ணி நல்லது. கான்ல ஓடி வர்ற தண்ணி மேல இருக்கிற தோட்டத்து நோயெல்லாம் சொமந்துக்கிட்டு வரும். ஊத்துறது காலைல மட்டும், அதுவும் மேல தெளிக்காம ட்ரேய அகலமான பேசின் தண்ணியில பத்து நிமிசம் வச்சா அடி வழியா தேவையானத குடிச்சிக்கிரும்.

பகல்ல செடி வாடி தொங்குது

இங்கதான் நேரத்த பாக்கணும். நாலு விதமான வாட்டம் இருக்கு, நாலுக்கும் வைத்தியம் வேற வேற.

பத்து நாள் மூடுபனிக்கு அப்புறம் திடீர்னு வெயில் அடிச்சி, மண் ஈரமா இருக்கும்போதே எல்லாச் செடியும் ஒன்னா தொங்குனா அது நோயில்ல. இலை மெத்துன்னு வளந்திருக்கு, வெயில தாங்கல. ரெண்டு மூனு நாளைக்கு பகல் நேரத்துல மட்டும் நிழல் வலை போட்டு பக்கத்த தொறந்து விடுங்க, தண்ணிய கூட்டாதீங்க. பயந்து தண்ணி ஊத்தி ஊத்தியே கொன்னவங்கள பாத்திருக்கேன்.

மண் எப்பவும் சொதசொதன்னு இருந்து, கீழ் இலை மஞ்சளாகி வாடுனா ஒரு செடிய தோண்டி வேர பாருங்க. வெள்ளையா இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, இழுத்தா தோல் உருவி வந்தா மூச்சு முட்டி அழுகியிருக்கு. கூடாரத்த சுத்தி ஒரு அடி ஆழத்துக்கு கான் வெட்டி மேட்டுப்பாத்தியா மாத்துங்க, மலைச் சரிவுல மேல இருந்து ஊறி வர்ற தண்ணி கண்ணுக்கு தெரியாம உள்ள வரும்.

கோவா, நோக்கோல், முள்ளங்கி, புரொக்கோலி, இதுங்க மட்டும் பகல்ல வாடி ராத்திரி நிமிந்து, மறுநாளும் அதே மாதிரி செஞ்சா நெஞ்சு திக்குன்னுதான் இருக்கும். பிடுங்கி பாருங்க, வேர் இஞ்சிக் கெழங்கு மாதிரி வீங்கியிருந்தா அது வேர்வீக்க நோய். மூனு வருசத்துக்கு முன்ன ஒரு எடத்துல இருந்து கோவா நாத்து 200 வாங்கிட்டு வந்து நட்டேன், வேர்ல ஒட்டியிருந்த மண்ணோடயே அந்த நோய் என் துண்டுக்குள்ள வந்திருச்சி, அந்தப் பாத்தியில இன்னிக்கு வரைக்கும் கோவா வைக்கிறதில்ல. அந்தக் கிருமி மண்ணுக்குள்ள 15, 20 வருசம் வரைக்கும் தாக்குப் புடிக்கும். புளிச்ச மண்ணுன்னா அதுக்கு கொண்டாட்டம், தேயிலைக்காக வச்ச நம்ம மண்ணு எல்லாமே புளிச்சதுதான். டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டு மண்ண பிஎச் (புளிப்பு அளவு) 7க்கு கிட்ட கொண்டு வந்தா வேகம் கொறையும், ஒழியாது. வீங்குன வேர கூட்டெருக் குழியில போடாதீங்க, காய வச்சி எரிங்க. மம்பட்டியையும் பூட்ஸையும் கழுவாம அடுத்த பாத்திக்கு போகாதீங்க. நாத்த மண்ணோட வெளிய இருந்து வாங்குறத நிப்பாட்டுங்க, இத நான் கெஞ்சியே கேட்டுக்கிறேன்.

நாலாவதுதான் கொடுமையானது. தக்காளி, கறிமிளகா, கத்தரி பச்சையா இருக்கும்போதே, இலை மஞ்சளாகாமலே ஒரு செடி வாடும், ராத்திரியும் நிமிராது, ரெண்டு மூனு நாள்ல முடிஞ்சிரும், பக்கத்து செடிக்கு போகும். தண்டோட அடிப்பக்கத்துல ரெண்டு இஞ்சு துண்டு வெட்டி, கண்ணாடி கிளாஸ்ல தெளிஞ்ச தண்ணி வச்சி, வெட்டுன முனை தண்ணியில படுற மாதிரி அசையாம புடிங்க. அஞ்சு நிமிசத்துக்குள்ள பால் மாதிரி வெள்ளை நூல் கீழ எறங்குனா பக்டீரியா வாடல். இதுக்கு மருந்தே கெடையாது, யாராவது போத்தல நீட்டுனா வாங்காதீங்க. செடிய சுத்தி இருக்கிற மண்ணோட அள்ளி பேக்குல கட்டி வெளியேத்துங்க, வெட்டுன கத்திய குளோரின் தண்ணியில முக்குங்க. உருளக்கெழங்கும் இதே குடும்பம்தான், அதனால பழைய உருளக்கெழங்கு நெலத்துல கூடாரம் போட்டவங்களுக்கு இது வர்ற வாய்ப்பு கூட. அந்த நெலத்துல நேரா நடாம, காலி உர பேக்க நல்லா கழுவி தும்புத்தூள் நிரப்பி, கீழ கல்லோ பலகையோ வச்சி அது மேல நிறுத்தி வளங்க, வேர் மண்ண தொடவே கூடாது. மண்ணுலதான் செய்யணும்னா லீக்ஸ், போஞ்சி, சலாதுன்னு குடும்பத்த மாத்துங்க.

இலையில புள்ளி, மாவு, சாம்பல், கறுப்பு

மொதல்ல இது எதனால வருதுன்னு சொல்லிர்றேன். சாயந்திரம் குளிருதுன்னு கூடாரத்த இறுக்கி மூடுறோம், உள்ள இருக்கிற சூடான காத்துல பகல் முழுக்க செடி விட்ட ஈரம் நிக்குது, ராத்திரி வெளிய 12, 13 டிகிரிக்கு எறங்கும்போது அந்த ஈரம் பொலித்தீன்லயும் இலையிலயும் தண்ணியா படியுது, விடியிறதுக்குள்ள மழையில நனைஞ்ச மாதிரி. மழைக்கு மறைக்கத்தான் கூடாரம் போட்டோம், ஆனா உள்ளுக்குள்ளயே மழை பெய்ய வச்சிட்டோம்.

பின்னேரம் மூனு மணிக்கு மேல பக்கத்த நல்லா தொறந்து ஈரக்காத்த வெளிய அனுப்பிட்டு அப்புறம் மூடுங்க, காலைல வெளிச்சம் வந்த ஒடனே திரும்ப தொறங்க. மழை மாசத்துல கூரைக்குக் கீழ மேல்பக்க வலை எப்பவும் தொறந்தே இருக்கட்டும், மழை உள்ள வராம மறைச்சா போதும், காத்த மறைக்கக் கூடாது. தக்காளி செடிக்கு செடி ரெண்டடி விடுங்க, கீழ இருந்து ஒரு அடி உயரத்துக்கு இலைய கிள்ளிருங்க. பொலித்தீன் தொங்கி குழி விழுந்த எடத்துலதான் சொட்டும், அத இழுத்து கட்டுங்க.

இப்ப எதுன்னு கண்டுபிடிக்கிறது. தக்காளி இலையில எண்ணெய் பட்ட மாதிரி பழுப்பும் கறுப்புமா பெரிய திட்டு, காலைல இலைக்கு அடியில திட்டோட ஓரத்துல வெள்ளைப் பூஞ்சை, தண்டும் கறுத்துருச்சின்னா பிந்திய வெளிறல். 1845ல இருந்து அயர்லாந்துல உருளக்கெழங்க அழிச்சி பஞ்சத்துக்கு காரணமானதும் இதேதான். இதுக்கு நாளைக்கு பாப்போம்னு விடக்கூடாது, பாத்த அன்னிக்கே, இலை காஞ்ச நேரமா பாத்து வெட்டி பேக்குல போட்டு கட்டணும். பழுப்புப் புள்ளிக்குள்ள வளையம் வளையமா கோடு இருந்து கீழ் இலையில ஆரம்பிச்சா முந்திய வெளிறல், அவ்ளோ அவசரமில்ல, அந்த இலைங்கள எடுத்தா போகும். கெக்கரி, பூசணி வகையில வெள்ளை மாவு தூவுன மாதிரி இருந்தா அது சாம்பல் நோய், இலை நனையாமலே வரும், பசும்பால் ஒரு பங்கு தண்ணி ஒம்பது பங்கு கலந்து வெயில் நேரத்துல வாரம் ஒரு தடவ இலை ரெண்டு பக்கமும் அடிச்சா ஆரம்பத்துல நல்லா கேக்கும். ஸ்ட்ரோபெரி, சலாதுல சாம்பல் நெற மயிர் மாதிரி வந்து அழுகுனா செத்த இலையும் பழுத்த பூவும் அங்கேயே கெடந்திருக்கு, கூட்டி எடுங்க.

இதையெல்லாம் செஞ்சும் பரவுனா மட்டும் மருந்து. அப்பவும் நோய்ப்பட்ட இலைய ஒரு பேக்குல போட்டு எடுத்துக்கிட்டு கமநல சேவை நிலையத்துல விவசாயப் போதனாசிரியர்கிட்ட காட்டுங்க, இல்லாட்டி விவசாயத் திணைக்களத்தோட 1920க்கு எடுத்து கேளுங்க. மூடுன கூடாரத்துக்குள்ள நின்னு அடிக்காதீங்க, லேபல்ல போட்டிருக்கிற நாள் கணக்கு முடியாம ஒரு காய கூட பறிக்காதீங்க.

இலை ஊதாவாகுது, மஞ்சளாகுது

நட்டு கொஞ்ச நாள்ல தக்காளி இலைக்கு அடியில ஊதா நெறம் வந்தா குளிர்ல வேர் பொஸ்பரச எடுக்க முடியாம இருக்கு, வெயில் வந்தா தன்னால சரியாகும், டீஎஸ்பி பொஸ்பரஸ் உரத்த அள்ளிக் கொட்டாதீங்க. வெயில் வந்தும் போகலன்னா மண்ணு புளிப்பு, பொஸ்பரஸ் மண்ணுக்குள்ளயே கட்டுப்பட்டு கெடக்குது. கீழ் இலை முழுசா ஒரே மஞ்சளா வெளுத்தா நைதரசன் இல்ல, மக்காத தும்புத்தூள்லயும் மக்காத எருவுலயும் இது அடிக்கடி வரும். கீழ் இலையில நரம்பு பச்சையா இருந்து நடுவுல மஞ்சளானா மக்னீசியம் கொறைவு, எப்சம் உப்பு ஒரு லீட்டருக்கு 10 கிராம் கரைச்சி இலையில அடிங்க. மேல குருத்து இலை அப்படி ஆனா இரும்புச் சத்து கொறைவு, அநேகமா தண்ணி தேங்கி வேர் கெட்டிருக்கும். டொலமைட் போடுறவங்க சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவுல, நடுறதுக்கு ரெண்டு மூனு வாரத்துக்கு முன்ன போட்டு கொத்தி விடணும், யூரியாவோட சேத்து போட்டா நைதரசன் ஆவியா போயிரும். முடிஞ்சா மண்ண மொதல்ல பரிசோதிச்சிட்டு போடுங்க.

பூ கொட்டுது, காயோட அடி கறுக்குது

ராத்திரி 13 டிகிரிக்கு கீழ போனா தக்காளி மகரந்தம் சரியா வேல செய்யாது, பகல்ல 35 தாண்டுனாலும் அதேதான், ஜனவரியில ஒரே கூடாரத்துல ஒரே நாள்ல ரெண்டும் நடக்கும். உள்ள காத்தும் இல்ல, பூவ உலுக்க ஆளில்ல. காலைல பத்து மணில இருந்து பன்னெண்டுக்குள்ள செடி கட்டுன கயித்த விரலால தட்டி விடுங்க, மஞ்சள் தூள் பறக்கிறது தெரியும். எங்க பக்கத்து லயத்து அக்கா ஒருத்தங்க இத மட்டும்தான் செஞ்சாங்க, ரெண்டு வாரத்துல வந்து "தம்பி, கொத்து கொத்தா புடிச்சிருக்குப்பா"ன்னாங்க.

காயோட அடி கறுத்து தோல் மாதிரி ஆனா அது நோயில்ல, கல்சியம் காய்க்கு போய் சேரல. ரெண்டு நாள் காய விட்டு மூனாம் நாள் வெள்ளமா ஊத்துறதுதான் முக்கால்வாசி காரணம். கறுத்த காய பறிச்சிட்டு தண்ணிய தினமும் ஒரே அளவா ஊத்துங்க, அடுத்த கொத்து நல்லா வரும்.

இலை சுருளுது

கறிமிளகாயில இலை மேல்பக்கமா தோணி மாதிரி மடங்குனா த்ரிப்ஸ்ங்கிற சின்னப் பூச்சி, கீழ்ப்பக்கமா கவுந்தா மைட்ங்கிற சிற்றுண்ணி. வெள்ளைக் கடதாசிய அடியில புடிச்சி குருத்த தட்டுனா ஓடுறது தெரியும். செடிய ஆட்டும்போது வெள்ளையா பறந்தா வெள்ளை ஈ. மஞ்சள் அட்டையில கிரீஸ் தடவி செடி உயரத்துக்கு தொங்க விடுங்க, வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலந்து சாயந்திரம் இலைக்கு அடியில அடிங்க. வலையில ஓட்டை இருந்தா இதெல்லாம் வீண்.

பனியில கருகிருச்சி

நுவரெலியா, அம்பேவெல, கந்தப்பளை பக்கம் ஜனவரி, பெப்ரவரியில வானம் தெளிஞ்சி காத்தே இல்லாத ராத்திரி வந்தா பயப்படணும். கூடாரம் இருக்குன்னு நம்பி தூங்காதீங்க, மெல்லிசு பொலித்தீன் ராத்திரிச் சூட்ட புடிச்சி வைக்காது, விடியும்போது உள்ளயும் வெளியயும் கிட்டத்தட்ட ஒரே குளிர்தான். அன்னிக்கு மட்டும் காலைலயே மண்ண நல்லா நனைச்சி, பின்னேரம் மூனரைக்கே மூடி சூட்ட உள்ள புடிச்சி, நாத்து மேல பழைய கடதாசியோ சாக்கோ செடிய தொடாம கம்பு நட்டு போத்துங்க. தண்ணி நெறச்ச கறுப்பு பீப்பாய் ரெண்டு உள்ள நின்னா பகல் சூட்ட ராத்திரி கொஞ்சம் கொஞ்சமா விடும். கரியோ வெறகோ மூடுன கூடாரத்துக்குள்ள எரிச்சிட்டு உள்ள போகாதீங்க, அந்தப் புகை ஆள கொல்லும். பனி விழுந்திருச்சின்னா இலைய தொடாம, காலை வெயில் நேரா படாம மறைச்சி மெதுவா உருக விடுங்க, கருகுனத ஒரு வாரம் கழிச்சி வெட்டுனா போதும், அடியில இருந்து துளிர் வரும்.

பொலித்தீன் ஆறு மாசத்துல கிழியுது

சாதாரண பொலித்தீன்னா அவ்ளோதான் ஆயுசு, 200 மைக்ரோன் யூவி பொலித்தீன் வாங்குனா மூனு வருசத்துக்கு நிக்கும். அதுவும் பைப் படுற எடத்துலயே கிழியுதுன்னா, பிவிசி பைப் நேரா ஒட்டிக்கிட்டு இருந்தா அந்த எடம் சீக்கிரம் நொறுங்கும், இரும்பு பைப்னா வெயில்ல சுட்டு அந்த எடத்த நலிய வைக்கும். ரெண்டுக்கும் பைப் மேல வெள்ளை பெயின்ட் அடிச்சி, பழைய துணிய சுத்தி அதுக்கு மேல பொலித்தீன போடுங்க. கந்தக மருந்து அடிக்கிற கூடாரத்துல யூவி சீக்கிரம் போயிரும். சின்ன கிழிசல பாத்த அன்னிக்கே ரெண்டு பக்கமும் தொடச்சி காய வச்சி டேப் ஒட்டிருங்க, ஜூலை காத்து அந்த ஓட்டையில கை வச்சிதான் முழுசையும் உரிக்கும்.